நெல்லைச் சீமையிலிருந்து வழக்கறிஞராக: பள்ளிப் படிப்பு முதல் தனி அலுவலகம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

என்னிடம் ஜூனியராகச் சேர வருகிறவர்களுக்கு முதல் நாளில் நான் சட்டப் புத்தகம் எதையும் கொடுப்பதில்லை. அலமாரியிலிருந்து பழைய கிரையப் பத்திரம் ஒன்றின் நகலை எடுத்துக் கொடுத்து, யார் யாருக்கு எதை எவ்வளவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது, நான்கு எல்லைகளிலும் என்னென்ன இருக்கின்றன என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்வேன். சட்டப் பட்டம் பெற்றுவிட்டு வருகிறவர்களில் பலருக்கு அந்த ஒரு தாளை முடிக்க ஒரு முழு நாள் தேவைப்படுகிறது. "மரக்கால் விதைப்பாடு" (ஒரு மரக்கால் விதை விதைக்கும் அளவு நிலம்) என்றால் என்ன, "கிழமேல்" (கிழக்கு மேற்காக) என்பது எந்தப் பக்கத்து அளவு, "ஷையார்" (மேலே சொன்னவர்) என்று வருமிடத்தில் யாரைக் குறிக்கிறது என்று அவர்கள் தயங்கி நிற்பதைப் பார்க்கும்போது, அவர்களுடைய படிப்பில் குறையில்லை, பழக்கத்தில்தான் குறை என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும்.

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் செய்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும், பிள்ளையை சட்டம் படிக்க வைக்கலாமா என்று கேட்டு வருகிற பெற்றோருக்குச் சொல்வதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். காகிதத்தைக் கவனமாக வாசிப்பதும், எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதும்தான் இந்தத் தொழிலின் அடிப்படைத் திறன்கள் என்பது என் உறுதியான எண்ணம். மற்றவை எல்லாம் இவற்றின் மேல் கட்டப்படுபவையே.

முதல் படி: பள்ளிப் பருவத்தில் இரண்டு மொழிகள்

பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுத்தாலும் சட்டம் படிக்கலாம். அறிவியல் படித்த மாணவர் பின்னாளில் மருத்துவச் சான்றையும் தடய அறிவியல் அறிக்கையையும் எளிதாக வாசிப்பார். வணிகவியல் படித்தவர் கணக்கேடுகளைக் கண்டு மிரள மாட்டார். ஆகவே பிரிவைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, மொழியில் கவனம் செலுத்த வேண்டும்.

நம் மாவட்டத்தில் தொழில் செய்யப் போகிறவருக்குத் தமிழும் ஆங்கிலமும் சம அளவில் தேவை. கட்சிக்காரர் தமிழில் பேசுகிறார். சாட்சி தமிழில் சொல்கிறார். பத்திரங்களும் வருவாய்த் துறைப் பதிவேடுகளும் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றன. ஆனால் முன்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் வருகின்றன, மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வுக்குப் போனால் எல்லாமே ஆங்கிலமாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே தடையின்றிப் போய்வரத் தெரியாதவர், தன் கட்சிக்காரர் சொன்ன ஒரு முக்கியமான சொல்லை மொழிபெயர்ப்பில் தொலைத்துவிடுவார். "அனுபவித்து வருகிறேன்" என்று ஒரு விவசாயி சொல்வதற்கும் "எனக்குச் சொந்தம்" என்று சொல்வதற்கும் இடையில் ஒரு வழக்கின் வெற்றி தோல்வியே அடங்கியிருக்கலாம்.

இதற்கான பயிற்சி எளியது. நாள்தோறும் செய்தித்தாளில் வரும் நீதிமன்றச் செய்தி ஒன்றை எடுத்து, வழக்கு என்ன, இரு தரப்பும் சொன்னது என்ன, நீதிமன்றம் முடிவு செய்தது என்ன என்று ஐந்து வரிகளில் எழுதிப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை ஆங்கிலப் பத்தி ஒன்றைத் தமிழிலும், தமிழ்ப் பத்தி ஒன்றை ஆங்கிலத்திலும் பெயர்த்து எழுத வேண்டும். இதோடு தட்டச்சுத் தேர்வில் இரு மொழிகளிலும் லோயர் நிலையாவது தேறிவிட்டால், பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் மிச்சமாகும். ராஜவல்லிபுரத்தில் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளை திருநெல்வேலியில் வழக்கறிஞராக இருந்துவிட்டுத்தான் தமிழ்ப் பேராசிரியரானார். சட்டமும் மொழியும் ஒன்றை ஒன்று வளர்த்த ஊர் இது என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இரண்டாம் படி: சேர்க்கை

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு, ஏதேனும் ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பு என்று இரண்டு வழிகள் உள்ளன. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 45 விழுக்காடும், பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினருக்கு 40 விழுக்காடும் மதிப்பெண் தேவை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லாமல், மதிப்பெண் தரவரிசைப்படியும் இட ஒதுக்கீட்டின்படியும் சேர்க்கை நடைபெறுகிறது.

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் நம் பக்கத்துப் பிள்ளைகள் மதுரைக்கோ சென்னைக்கோ போய் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டியிருந்தது; அந்தச் செலவைத் தாங்க முடியாமல் ஆசையை அடக்கிக்கொண்டவர்கள் பலர். வீட்டிலிருந்து பேருந்தில் வந்து குறைந்த கட்டணத்தில் படிக்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் விவசாயக் கூலிகளின் வீடுகளிலிருந்தும் பீடி சுற்றும் தாய்மாரின் வீடுகளிலிருந்தும் வழக்கறிஞர்கள் வரத் தொடங்கினார்கள். திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புவோர் கிளாட் என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். பெரு நிறுவனங்களில் பணியாற்ற விரும்புவோருக்கு அது நல்ல வழி. ஆனால் கட்டணம் பல மடங்கு அதிகம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வகுப்புக்கே வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று சொல்லி, வெளிமாநிலக் கல்லூரிகளில் இடம் வாங்கித் தருவதாகத் தரகர்கள் வருவார்கள். சட்டப் படிப்புக்கு 70 விழுக்காடு வருகைப்பதிவு கட்டாயம். அவ்வாறு வாங்கிய பட்டம் எப்போது வேண்டுமானாலும் கேள்விக்குள்ளாகலாம் என்பது ஒருபுறமிருக்க, அப்படிப் படித்தவரை நம்பி ஓர் ஏழை தன் நிலத்தை ஒப்படைக்கப் போகிறார் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: கல்லூரி ஆண்டுகள்

எல்லாப் பாடங்களும் தேர்வுக்குத் தேவைதான். ஆனால் தொழிலில் நாள்தோறும் கைக்கு வருபவை சில: 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், வாரிசுரிமைச் சட்டம். இவற்றை வழிகாட்டி நூல்களில் வாசிப்பதோடு நிற்காமல், சட்டத்தின் மூல வாசகத்தையே மீண்டும் மீண்டும் வாசித்துப் பழக வேண்டும். "ஆயின்" என்று தொடங்கும் வரம்புரையும் "விளக்கம்" என்று வரும் பகுதியும்தான் பெரும்பாலான வழக்குகளைத் தீர்மானிக்கின்றன. வழிகாட்டி நூல்கள் அவற்றைத்தான் முதலில் சுருக்கிவிடுகின்றன.

குற்றவியல் பக்கத்தில் இன்றைய மாணவருக்கு இரட்டைச் சுமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் ஆகிய மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனால் அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்கு 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். கொலைக் குற்றத்துக்கு 302 என்று நாக்கில் ஊறிப்போன எண் இப்போது 103. மோசடிக்கு 420 என்று ஊரே அறிந்த எண் இப்போது 318. வரும் பல ஆண்டுகளுக்கு இரண்டு சட்டங்களும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே நாளில் அடுத்தடுத்த வழக்குகளில் பேசப்படும். ஆகவே பழைய பிரிவையும் புதிய பிரிவையும் எதிரெதிரே எழுதிய அட்டவணை ஒன்றைத் தம் கையாலேயே தயாரித்துக்கொள்ள வேண்டும். அச்சிட்டு விற்பதை வாங்கினால் மனத்தில் பதியாது.

பயிற்சிக் காலத்தைப் பலர் சான்றிதழோடு முடித்துக்கொள்கிறார்கள். விதிகளின்படி ஐந்தாண்டு மாணவருக்கு 20 வாரங்களும் மூன்றாண்டு மாணவருக்கு 12 வாரங்களும் பயிற்சி தேவை. ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் கூடாது. என் ஆலோசனை இதுதான்: முதல் நான்கு வாரங்களைத் தம் ஊருக்கு அருகிலுள்ள முன்சீப் நீதிமன்றத்தில் கழிக்க வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், சங்கரன்கோவில் என எதுவாக இருந்தாலும் சரி. காலை பத்தரைக்கு முன்பே போய், அன்றைய வழக்குப் பட்டியலைக் குறித்துக்கொண்டு, பின்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வழக்கும் ஏன் தள்ளிவைக்கப்படுகிறது என்பதை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். சம்மன் உரியவரிடம் சார்வாகவில்லை, பிரதிவாதியின் எதிருரை தாக்கலாகவில்லை, சாட்சி வரவில்லை, கமிஷனர் அறிக்கை வரவில்லை என்று ஒரு மாதம் எழுதினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பாதி அந்தக் குறிப்பேட்டில் இருக்கும். இன்னொரு நான்கு வாரங்களை மதுரை அமர்விலும், ஒரு பகுதியை இலவச சட்ட உதவி வழங்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் செலவிடலாம்.

நான்காம் படி: பதிவும் தகுதித் தேர்வும்

பட்டம் பெற்றபின், 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணமாக அந்தச் சட்டம் சொல்வது பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாயும்தான். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. கடன் வாங்கிப் பதிவு செய்த பல குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால், அந்தத் தீர்ப்பைப் படித்த நாளில் மனம் நிறைந்தது. பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கொள்குறி வினாக்கள். குறிப்புரை இல்லாத மூலச் சட்ட நூல்களை எடுத்துச் செல்லலாம். மூலத்தை வாசித்துப் பழகியவருக்கு அது பெரிய சோதனை அன்று.

பெரியவர்கள் இந்தப் பதிவைச் "சன்னது" என்பார்கள். அதன் மதிப்பை நம் மண்ணில் வ. உ. சிதம்பரனாரின் வாழ்க்கையே காட்டுகிறது. 1908இல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிமன்றம் விதித்த தண்டனையால் அவர் தம் சன்னதை இழந்தார். சிறையிலிருந்து வெளிவந்தபின் தொழில் செய்ய வழியின்றி வறுமையில் வாடினார். பின்னர் வாலஸ் என்னும் நீதிபதியின் உதவியால் அதைத் திரும்பப் பெற்று, கோவில்பட்டியில் மீண்டும் வழக்கறிஞராக அமர்ந்தார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

ஐந்தாம் படி: சீனியரிடம் முதல் மூன்று ஆண்டுகள்

இந்தத் தொழிலின் உண்மையான பள்ளி இதுதான். ஆகவே சீனியரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. பெயர் பெற்றவரா என்பதைவிட, அவருடைய அலுவலகத்தில் உரிமையியலும் குற்றவியலும் இரண்டும் நடக்கின்றனவா, அவர் விசாரணைகளைத் தாமே நடத்துகிறாரா, ஜூனியர் எழுதியதைத் திருத்திக் கொடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அவரிடம் முன்பு இருந்த ஜூனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஜூனியர்களுக்கு நகர்ப்புறங்களில் மாதம் 20,000 ரூபாயும் ஊரகப் பகுதிகளில் 15,000 ரூபாயும் கொடுக்கலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024இல் பரிந்துரைத்தது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. மாவட்ட நீதிமன்றங்களில் பேருந்துக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான தொகையைப் பெறுகிறவர்களே மிகுதி. இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 3,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2020இல் தொடங்கியது. தகுதியுள்ளவர்கள் அதற்கு விண்ணப்பிக்கத் தயங்கக் கூடாது. வீட்டில் மூத்த பிள்ளையாக இருந்து உடனே சம்பாதிக்க வேண்டியவர்கள், இந்தக் காலத்தை எப்படிக் கடப்பது என்பதைக் கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வது நல்லது. என் சகாக்களாகிய சீனியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: திறமையுள்ள பிள்ளைகள், அவர்களிலும் பெண்கள், இரண்டாம் ஆண்டில் தொழிலை விட்டுப் போவதற்கு முதல் காரணம் இந்தப் பண நெருக்கடிதான். நாம் மனம் வைத்தால் அதைக் குறைக்க முடியும்.

முதல் ஆண்டில் கற்க வேண்டியவை வெளிப்பார்வைக்குச் சிறிய வேலைகளாகத் தெரியும்: டைரி எழுதுவது, வாய்தா நாளைக் குறிப்பது, நகல் மனு போடுவது, கட்டுகளை வரிசைப்படுத்துவது, வக்காலத்தில் கையொப்பம் வாங்குவது. இவற்றைக் குமாஸ்தாவிடம் கேட்டுக் கற்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக ஃபைலிங் செக்‌ஷனில் நடந்து பழகிய குமாஸ்தாவுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவரை "அண்ணாச்சி" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, ஒரு மனு எதற்காகத் திருப்பப்படும் என்று கேட்டுப் பாருங்கள். நீதிமன்றக் கட்டணம், முத்திரை, பட்டியல், நகல்களின் எண்ணிக்கை என்று வரிசையாகச் சொல்வார்.

நாட்கணக்கில் பிழை செய்தால் மன்னிப்பில்லை என்பதை இந்த ஆண்டிலேயே உணர வேண்டும். காசோலை வழக்கை எடுத்துக்கொள்வோம். காசோலை திரும்பியதாக வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்தவர் பணம் செலுத்த 15 நாட்கள். அது கடந்தபின் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். பிரதிவாதிக்கு எதிருரை தாக்கல் செய்ய 30 நாட்கள், நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாட்கள் வரை. குற்ற வழக்கில் 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், காவலில் உள்ளவருக்குப் பிணை கேட்கும் உரிமை பிறக்கிறது. அந்த நாளைத் தவறவிட்டால் ஒரு மனிதர் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தேவையில்லாமல் இன்னும் பல நாட்கள் இருக்க நேரிடும். புதிய கட்சிக்காரர் வந்ததும், மற்ற எதையும் கேட்கும் முன் "இது எந்தத் தேதியில் நடந்தது?" என்று கேட்கும் வழக்கம் எனக்கு என் சீனியர் கொடுத்தது.

என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் ஆண்டில், முதல் முறையாக வழக்கைத் தொடங்கி வைக்கும் மனுவாகிய பிராது ஒன்றை முழுவதுமாக எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பாதை உரிமை வழக்கு. சட்டப் பகுதியை மூன்று இரவுகள் உழைத்து எழுதினேன். சொத்து விவரமும் எல்லைகளும் அடங்கிய தபசிலைக் கடைசி நாள் மாலையில், பத்திரத்தை ஒரு கையில் பிடித்தபடியே விரைந்து தட்டினேன். பத்திரத்தில் "இதற்கு மேற்கு" என்று இருந்ததை நிலத்தின் மேற்கு எல்லையாக எடுத்துக்கொண்டேன். அதன் பொருளோ, இன்ன இடத்துக்கு மேற்கே நம் நிலம் இருக்கிறது என்பது. அதாவது அந்த இடம் நம் நிலத்தின் கிழக்கு எல்லை. கிழக்கும் மேற்கும் இடம் மாறின. இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் நேரில் வந்து வாய்க்கால் கரையில் நின்று பிராதை வாசித்தபோதுதான், நாங்கள் கேட்கும் பாதை எதிராளியின் வீட்டுக்குள்ளே போவது தெரிந்தது. திருத்த மனு போட்டு, அதற்கு எதிருரை வந்து, விவாதித்து, உத்தரவு பெற ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதமும் அந்தப் பெரியவர் அறுவடை நெல்லைச் சுற்றுவழியில் தலைச்சுமையாகக் கொண்டுபோனார். அன்று முதல் தபசிலை முதலில் எழுதுகிறேன். எழுதியபின் ஒரு தாளில் படம் வரைந்து, கட்சிக்காரரிடம் காட்டி, அவர் விரல் வைத்துச் சரி என்று சொன்னபிறகே பிராதைத் தொடங்குகிறேன்.

அதனால்தான் வழக்கறிஞர் ஆணையராக நியமனம் வந்தால் தவறாமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று இளையவர்களிடம் சொல்கிறேன். நில அளவரோடு போய்ச் சங்கிலி பிடித்து அளந்து, புலப்படத்தோடு ஒப்பிட்டு, இரு தரப்பும் ஒரே நேரத்தில் பேசும்போது பக்கம் சாராமல் கண்டதை மட்டும் எழுதி அறிக்கை கொடுப்பதைப் போன்ற பயிற்சி வேறில்லை. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன ஊர்களில் மடை, வரப்பு, நடைபாதை, களம் என்று வரும் தகராறுகளை அறையில் உட்கார்ந்து புரிந்துகொள்ள முடியாது.

ஆறாம் படி: கேட்பது, எழுதுவது, விசாரிப்பது

மூன்றாம் ஆண்டை நெருங்கும்போது கட்சிக்காரரை நேரில் சந்திக்கும் பொறுப்பு வரும். மஞ்சள் பையில் காகிதங்களோடு ஒருவர் வந்து, "வக்கீலய்யா, தம்பி பாதையை அடைச்சிட்டான்" என்று தொடங்குவார். உடனே தடையாணை மனு என்று மனம் ஓடும்; ஓட விடக் கூடாது. "சொல்லுங்க அண்ணாச்சி, அப்பா காலத்துல இருந்தே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். அரை மணி நேரம் கழித்து, சகோதரர்களுக்குள் பங்கு பிரித்து எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு ஒன்று இருப்பதும், அது பதிவு செய்யப்படாததும், சகோதரி ஒருவர் கையொப்பம் போடாததும் தானாக வெளிவரும். இப்போது அது பாதை வழக்கு அன்று, பாகப்பிரிவினை வழக்கு. 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடு முழுவதும் மகள்களுக்குக் கொடுத்த பங்குரிமையை மறந்துவிட்டுத் தாக்கல் செய்தால், பல ஆண்டுகள் கழித்து வழக்கு முதலுக்கே திரும்பும். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் ஆகியவற்றை நேரில் பார்க்காமல் கருத்துச் சொல்லக் கூடாது. பட்டா இருப்பதாலேயே உரிமை உண்டு என்று எண்ணும் கட்சிக்காரருக்கு, அது வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே என்பதைப் பொறுமையாக விளக்கவும் தெரிய வேண்டும்.

எழுதும்போது சிறிய வாக்கியங்களில், ஒரு பத்தியில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் எழுத வேண்டும். குறுக்கு விசாரணையைப் பொறுத்தவரை, விடை தெரியாத கேள்வியைக் கேட்காமலிருப்பதும், கிடைக்க வேண்டியது கிடைத்ததும் உட்கார்ந்துவிடுவதும் பெரிய திறமைகள். சாட்சியை மிரட்டுவது நம்மூர் நீதிமன்றங்களில் சிலர் திறமை என்று எண்ணும் ஒரு கெட்ட பழக்கம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கிலோ குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்கிலோ கூண்டில் நிற்பவர் ஏற்கெனவே காயப்பட்டவராக இருக்கலாம். சாதி மோதல்கள் பல கண்ட இந்த மாவட்டத்தில், தான் எந்தத் தரப்புக்கு ஆஜரானாலும் எல்லோரும் நம்பிப் பேசக் கூடிய மனிதராக ஒரு வழக்கறிஞர் இருப்பது மிக முக்கியம் என்று கருதுகிறேன்.

கணினியைத் தள்ளிவைக்க இனி முடியாது. மின் தாக்கல் முறையும், ஒவ்வொரு வழக்குக்கும் உரிய 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணும் அன்றாட வேலையாகிவிட்டன. கைபேசிப் பதிவையோ கண்காணிப்புக் கேமராக் காட்சியையோ சாட்சியமாக்க, முன்பு 65பி என்று சொல்லப்பட்டு இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவாக இருக்கும் சான்றிதழ் தேவை. இணையத்தில் கிடைக்கும் தீர்ப்புச் சுருக்கத்தை நம்பி மேற்கோள் காட்டாமல், தீர்ப்பு முழுவதையும் வாசித்துவிட்டே நீதிபதி முன் எடுத்துரைக்க வேண்டும்.

ஏழாம் படி: பிரியும் வழிகள்

சில ஆண்டு அனுபவத்துக்குப்பின் பல கதவுகள் திறக்கின்றன. 2004 ஜூலை 24 முதல் இயங்கும் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு நம்மிடமிருந்து சில மணி நேரப் பயணம்தான். அரசின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுக்களிலும் மேல்முறையீடுகளிலும் நாட்டமுள்ளவர்கள் அங்கே போகலாம். விசாரணை நீதிமன்றத்தில் மூன்று ஆண்டாவது இருந்துவிட்டுப் போகிறவர், சாட்சியக் கட்டைக் கையில் எடுத்ததும் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பார்.

நீதிபதியாக விரும்புவோர் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுத வேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்து அந்தக் காலம் கணக்கிடப்படும், 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரின் சான்றும் நீதித்துறை அலுவலரின் ஒப்புதலும் தேவை. ஆகவே ஆஜரான வழக்குகளின் குறிப்பை முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். அந்தத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று உண்டு. முதல் படியில் சொன்ன பயிற்சி அங்கே கைகொடுக்கும். குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டு பழகியவர்கள் அரசு உதவி வழக்கு நடத்துநர் தேர்வுக்கும், ஏழு ஆண்டு முடித்தவர்கள் மாவட்ட நீதிபதிப் பணிக்கான நேரடித் தேர்வுக்கும் விண்ணப்பிக்கலாம். நோட்டரி நியமனத்துக்குப் பொதுவாக 10 ஆண்டுகள்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் சேர்வதை, வழக்கு இல்லாதவர்கள் செய்யும் வேலை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் போன்றோர் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறலாம். ஓர் இளம் வழக்கறிஞருக்குத் தனியாக ஒரு விசாரணையைத் தொடக்கம் முதல் தீர்ப்பு வரை நடத்தும் வாய்ப்பு பெரும்பாலும் இங்கேதான் முதலில் கிடைக்கிறது. என் முதல் விடுதலைத் தீர்ப்பும் அப்படிக் கிடைத்ததே.

எட்டாம் படி: தனி அலுவலகம்

ஐந்தாறு ஆண்டுகளுக்குப்பின் தனியாக அமரலாம். சீனியரிடம் சொல்லிவிட்டு, அவர் வாழ்த்தோடு பிரிய வேண்டும். அவருடைய கட்சிக்காரர்களை அழைத்துக்கொண்டு போகக் கூடாது. விளம்பரம் செய்வதையும் வழக்கு தேடித் தரகர்களை அனுப்புவதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. விபத்து இழப்பீட்டு வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக்கொள்வதும் விதிமீறலே. கட்டணத்தை முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லி, வாங்கியதற்கு ரசீது கொடுத்து, நீதிமன்றக் கட்டணத்துக்காகக் கட்சிக்காரர் கொடுத்த பணத்தைத் தம் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

அலுவலகத்துக்கு மேசை நாற்காலியை விட முதலில் வாங்க வேண்டியவை பூட்டுள்ள இரும்பு அலமாரி ஒன்றும், கெட்டி அட்டைப் பதிவேடு ஒன்றும். கட்சிக்காரர் மூலப் பத்திரம் கொடுத்தால், தேதி, பத்திர எண், பதிவு ஆண்டு, பக்கங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அவரிடம் கையொப்பமோ கைநாட்டோ வாங்கி, அதே விவரத்தோடு ஒரு சீட்டை அவர் கையில் கொடுங்கள். வழக்கு முடிந்து பத்திரத்தைத் திருப்பும்போது, பக்கங்களை அவர் முன்னாலேயே எண்ணிக் காட்டி, அதே வரிசையில் மறுபடியும் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.